பலகாரப் பெட்டிக்கு எந்த மேற்பூச்சு? வாட்டர்பேஸ், யூவி, லேமினேஷன், ஃபாயில் ஓர் ஒப்பீடு

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் பலகாரக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், தீபாவளிக்கு மூன்றரை மாதம் இருக்கையில், காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு வந்தார். கைப்பையிலிருந்து கறுப்பு நிறக் கைக்கடிகாரப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, "தம்பி, தொட்டுப் பாருங்க, பட்டு மாதிரி இருக்கு. நம்ம அதிரசப் பெட்டியும் இப்படித்தான் இருக்கணும். மூவாயிரம் பெட்டி" என்றார். தொட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே மிக நேர்த்தியான வேலை. "அக்கா, அதிரசத்த எடுத்த கையோடதானே பெட்டிய மூடுவாங்க?" என்று கேட்டுவிட்டு, எங்களுக்காக அவர் கொண்டுவந்திருந்த அதிரசம் ஒன்றைப் பிட்டு, அவர் அனுமதியோடு அதே விரலால் அந்தப் பெட்டியின் மூடியைத் தொட்டேன். இருவரும் மாறி மாறித் துடைத்துப் பார்த்தோம். உலர்ந்த துணிக்கும் போகவில்லை, ஈரத் துணிக்கும் போகவில்லை. துடைக்கத் துடைக்க விரல் தடம் அகன்றதே தவிர மறையவில்லை.

அன்று இரண்டு மணி நேரம் அவரோடு பேசியதைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். பலகாரம், மசாலா, தலைமுடி எண்ணெய், சோப்பு என்று சொந்தப் பெயரில் பொருள் விற்கும் தமிழர்கள் சிங்கப்பூரில் பெருகி வருகிறார்கள். பெட்டியின் வடிவத்துக்கும் படத்துக்கும் அவர்கள் செலவிடும் கவனத்தில் பாதியளவுகூட மேற்பூச்சுக்குக் கிடைப்பதில்லை. பெட்டி கடைக்குப் போன பிறகு வரும் குறைகளில் பெரும்பாலானவை அந்த மேற்பூச்சிலிருந்தே தொடங்குகின்றன என்பதைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

மாதிரிப் புத்தகத்தைப் புரட்டிப் பூச்சைத் தேர்ந்தெடுப்பதே பொதுவான வழக்கம். குளிரூட்டிய அறையில், நல்ல வெளிச்சத்தில், மடிக்கப்படாமலும் ஒட்டப்படாமலும் எதனோடும் உரசாமலும் இருக்கும் ஒரு சதுர அட்டை எந்தப் பூச்சிலும் அழகாகவே தெரியும். பெட்டியின் வாழ்க்கை அப்படிப்பட்டதன்று. அது வெட்டப்படுகிறது, மடிப்புக்கோடு அழுத்தப்படுகிறது, ஓரம் ஒட்டப்படுகிறது, நூறு நூறாகக் கட்டப்பட்டு லாரியில் ஒன்றோடொன்று உரசியபடி கடைக்கு வருகிறது, அதன்பின் எண்ணெயையும் வியர்வையையும் குளிர்பெட்டியின் ஈரத்தையும் சந்திக்கிறது. ஆகவே பூச்சை முடிவு செய்ய அமர்பவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பெட்டி எந்த இடத்தில் முதலில் கெடும்? அந்த இடத்தைக் காப்பாற்றும் பூச்சை முதலில் தேர்ந்தெடுத்து, மிஞ்சும் பணத்தை அழகுக்குச் செலவிட வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டும் கைவிட்டுப் போகும்.

பூச்சு ஏன் வேண்டும்?

ஆஃப்செட் அச்சில் அட்டையின் மேல் படியும் மையின் கனம் ஏறத்தாழ ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. மேலே எதுவும் இல்லாவிட்டால், அடர்ந்த நிறம் அச்சான பெட்டி ஒரே லாரிப் பயணத்தில் பக்கத்துப் பெட்டிக்குத் தன் நிறத்தைக் கொஞ்சம் கொடுத்துவிடும். இதைத் தடுக்க நான்கு வழிகள் உண்டு: எண்ணெய் வார்னிஷ், வாட்டர்பேஸ் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் தண்ணீர்ப் பூச்சு, யூவி, பிளாஸ்டிக் படலம் ஒட்டும் லேமினேஷன். ஃபாயில், ஸ்பாட் யூவி, எம்பாஸ் ஆகியவை இவற்றின் மேல் செய்யும் அலங்காரங்கள். காப்பும் அலங்காரமும் வேறு வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

எண்ணெய் வார்னிஷைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அது மை போலவே காற்றுப்பட்டு மெதுவாகக் காய்வது; காலப்போக்கில் மஞ்சள் பாயும்; வாடை உண்டு. வெண்மை தூக்கலாக இருக்கும் உணவுப் பெட்டிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வாட்டர்பேஸ்

வாட்டர்பேஸ் என்பது அக்ரிலிக் பிசின் கலந்த நீர்ப் பூச்சு. அச்சு இயந்திரத்தின் கடைசி அலகில், மை ஈரமாக இருக்கும்போதே தாள் முழுவதும் பூசப்பட்டு, அகச்சிவப்பு வெப்பத்தாலும் சூடான காற்றாலும் சில நொடிகளில் காய்ந்துவிடும். தனி வேலையாகச் செய்ய வேண்டியதில்லை என்பதால் யூவி, லேமினேஷன் இரண்டையும்விடப் பொதுவாக இதற்குச் செலவு குறைவு. அன்றே வெட்டுவதற்கு அனுப்பிவிடலாம் என்பதால் நாளும் மிச்சம். பளபளப்பு, நடுத்தரம், மேட் (பளபளப்பில்லாதது) என மூன்று சாயல்களிலும் கிடைக்கும்.

இதன் குறை இதன் அடக்கந்தான். மாதிரிப் புத்தகத்தில் யூவிக்குப் பக்கத்தில் வைத்தால் கண் இதன்மேல் நிற்பதில்லை. யூவியின் கண்ணாடிப் பளபளப்பு இதில் வராது. படலம் தரும் நீர்த்தடையும் வராது. ஈரக் கையால் தொட்டால் தாங்கும், ஈரத்தில் ஊறினால் தாங்காது. ஆனால் ஓரம் ஒட்டும் பசை இதன்மேல் பெரும்பாலும் நன்றாகப் பிடிக்கும். மெழுகு குறைந்த வகையைக் கேட்டு வாங்கினால் ஃபாயிலும் பிடிக்கும். வாடை மிகக் குறைவு. பழைய தாள் ஆலையில் கூழாக்கும்போது நாருக்கு இடைஞ்சல் செய்வதில்லை. உணவுப் பெட்டிக்கு இவை எல்லாம் பெரிய நற்குணங்கள். பத்து வாடிக்கையாளரில் ஏழு பேருக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு. அந்த ஏழு பேரில் பலர் இதைக் கேட்டு வருவதில்லை என்பது என் வருத்தம்.

யூவி

யூவி பூச்சில் ஆவியாக வேண்டிய நீரோ கரைப்பானோ இல்லை. புற ஊதா விளக்கின் கீழே தாள் கடக்கும் அந்தக் கணத்தில், பூச்சிலுள்ள ஒளித்தூண்டி வேதிப்பொருள்கள் திரவத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் தோலாக மாற்றிவிடுகின்றன. திரவப் பூச்சுகளில் இவ்வளவு பளபளப்பும் உரசல் தாங்கும் தன்மையும் வேறொன்றுக்கு இல்லை. வாசனைத் திரவியம், ஒப்பனைப் பொருள், பொம்மை போன்றவற்றின் பெட்டிகள் கடைத்தட்டில் மின்னுவதற்கு இது ஏற்றது.

அந்தக் கெட்டித்தன்மையே இதன் பலவீனமும் ஆகும். மடிப்புக்கோட்டில் தோல் வளையாமல் வெடிக்கும். அடர்ந்த அரக்கு அல்லது கறுப்பு நிறத்தின் மேல் அந்த வெடிப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். சாதாரண மையின் மேல் நேரடியாக யூவி பூசினால், மை உள்ளே தொடர்ந்து காய்ந்து இறங்கும்போது மேலே இருந்த பளபளப்பும் ஓரிரு நாளில் மங்கிவிடும். இதைத் தவிர்க்க நடுவில் ஒரு வாட்டர்பேஸ் அடுக்கு வேண்டும் அல்லது யூவி மையையே பயன்படுத்த வேண்டும். பசை இதன்மேல் ஒட்டாது. காலாவதி நாள் குத்தும் மையும் இதன்மேல் நில்லாது. ஆகையால் ஒட்டும் ஓரத்தையும் தேதிக் கட்டத்தையும் பூச்சின்றி விட்டுவிட வேண்டும்.

இதை நான் பிழை செய்து கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், சோப்புப் பெட்டி ஒன்றுக்கு யூவி தகடு தயாரிக்கச் சொன்னபோது ஒட்டும் ஓரத்தை விட்டுவிட வேண்டும் என்று குறிப்பெழுத மறந்தேன். ஒட்டிய அன்று 1,500 பெட்டிகளும் சரியாகவே இருந்தன. மூன்று வாரத்துக்குப் பின் வாடிக்கையாளர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கடைத்தட்டில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் வாயைத் திறந்துகொண்டிருந்தன. பசை காய்ந்து, யூவி தோலிலிருந்து தகடு போல முழுசாக உரிந்து வந்திருந்தது. அதை விரலால் எடுத்துப் பார்த்தபோது, அதில் பெட்டியின் பளபளப்பு அச்சு மாறாமல் பதிந்திருந்தது. அத்தனை பெட்டிகளையும் எங்கள் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம்.

உணவைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு, அது பெரிது. ஒளித்தூண்டிகளில் சில முழுமையாக வினைபுரியாமல் தங்கிவிடலாம். அச்சான தாள்களை அடுக்கும்போது ஒரு தாளின் மேற்புறம் அடுத்த தாளின் உட்புறத்தைத் தொடுகிறது. பெட்டியான பிறகு அந்த உட்புறத்தைத்தான் உணவு தொடும். 2005ஆம் ஆண்டு இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற ஒளித்தூண்டி கண்டறியப்பட்டுப் பல மில்லியன் லிட்டர் பால் கைப்பற்றப்பட்டது. 2009இல் ஐரோப்பாவில் காலையுணவுத் தானியப் பெட்டிகளிலிருந்து மெத்தில்பென்சோபீனோன் உணவுக்குள் புகுந்தது தெரியவந்தது. அதன்பின் உணவுக்கென்றே, வேதிப்பொருள் இடம்பெயர்வது குறைந்த யூவி வகைகள் பரவலாகியுள்ளன. அவற்றை முறையாகக் கையாளும் அச்சகங்கள் இருக்கின்றன. எனினும், நெய்ப் பலகாரத்தை நேரடியாகத் தாங்கும் பெட்டிக்கு முழு யூவி வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அந்த வகைப் பூச்சுத்தானா என்பதை எழுத்தில் வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று சொல்வேன். கொழுப்பு இத்தகைய வேதிப்பொருள்களை எளிதில் ஈர்த்துக்கொள்ளும் என்பதை மறக்கலாகாது.

லேமினேஷன்

பலர் மனத்தில் 'உயர்ந்த தரம்' என்றால் லேமினேஷன்தான். பதினைந்திலிருந்து முப்பது மைக்ரான் வரையிலான பாலிபுரோப்பிலீன் படலத்தைப் பசையாலோ வெப்பத்தாலோ அச்சின் மேல் ஒட்டுகிறார்கள். கிளாஸ் (பளபளப்பு), மேட், சாஃப்ட் டச் (பட்டுப் போன்ற தொடுகை) என மூன்று பெரும் வகைகள். இதன் மிகப் பெரிய பலம் மடிப்பில் தெரியும். படலம் இழுபட்டு வளையும். மை வெடிக்க விடாது. பெட்டி முழுவதும் அடர்நிறம் என்றால், மடிப்பில் வெள்ளைக் கோடு வராமலிருக்க இதைப்போல உறுதியான வழி வேறில்லை. தண்ணீர் தெறித்தாலும் துடைத்துவிடலாம்.

ஆனால் நம் ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியுமுன் பெரும்பாலும் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். அட்டை நாரால் ஆனது. ஈரத்தைக் குடித்து விரியும், உலர்ந்து சுருங்கும். படலம் அப்படிச் செய்யாது. ஒரு பக்கம் மட்டும் படலம் ஒட்டிய அட்டை ஈரத்தைக் குடிக்கும்போது அட்டைப் பக்கம் நீள, படலப் பக்கம் நீளாமல் நிற்க, மொத்தமும் படலத்தின் பக்கமாக வளைந்துவிடும். குளிரூட்டிய அச்சகத்தில் தட்டையாக இருந்த மூடி, கதவு திறந்தே கிடக்கும் கடையின் முகப்பில் இரண்டு நாள் இருந்தால் ஓரம் தூக்கி நிற்பதற்குக் காரணம் இதுவே. சதுர மீட்டருக்கு 350 கிராம் எடையுள்ள அட்டையும், அட்டையின் நார் ஓடும் திசையைச் சரியாக வைத்து வெட்டுவதும் இதைக் குறைக்கும், அறவே நீக்காது.

படலம் பெட்டியை நீர்புகாப் பெட்டியாக்கிவிடும் என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. படலம் மூடுவது மேற்பரப்பை மட்டுமே. வெட்டிய விளிம்புகளில் அட்டை திறந்தே இருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவைத்த பெட்டியின் மேல் பனி பூத்து வழியும் நீர் அந்த விளிம்பு வழியாக உள்ளே ஏறும். ஒரு மணி நேரத்தில் அடிமடிப்பு உப்பிவிடும். பசைச் சிக்கல் இதிலும் உண்டு. சாதாரண வெள்ளைப் பசை இந்தப் படலத்தின் மேல் பிடிக்காது. ஒட்டும் ஓரத்தில் படலத்தைச் சுரண்டிவிட வேண்டும் அல்லது அதற்கென்றே உள்ள பசையைப் பயன்படுத்த வேண்டும்.

மேட் படலம் நிறத்தை மட்டுப்படுத்தும். குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்தின் பக்கமாக நகரும். மஞ்சள் சற்றே சாம்பல் பூத்தது போல ஆகும். திரையில் பார்த்த நிறத்தை மேட் படலத்தின் கீழே எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் பலர். புரூஃப் எனும் மாதிரி அச்சைப் பார்க்கும்போதே அதன்மேல் படலம் ஒட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அடர்நிற மேட் பெட்டியில் நகமோ பக்கத்துப் பெட்டியின் மூலையோ பட்டால் அந்த இடம் மெருகேறிப் பளபளவென்று கோடு விழும். கீறல் தாங்கும் மேட் படலம் தனியாகக் கிடைக்கிறது. அடர்நிறத்துக்கு அந்தக் கூடுதல் செலவு நியாயமானது.

சாஃப்ட் டச் படலம் தொடுவதற்கென்றே பிறந்தது. அக்கா கொண்டுவந்த கைக்கடிகாரப் பெட்டியில் இருந்தது இதுதான். அதிரசம் பட்டால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அதன் நுண்ணிய சொரசொரப்பில் எண்ணெய் போய்த் தங்குகிறது. வெளிர் நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது. கறுப்பிலும் அரக்கிலும் ஒவ்வொரு விரலும் கணக்கு வைத்துக்கொள்ளும். நகை, கைக்கடிகாரம், பேனா போன்றவற்றுக்கு இது தகும். கையில் நெய் படும் எதற்கும் தகாது என்பதே என் திடமான முடிவு.

மறுசுழற்சி பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். படலம் ஒட்டிய அட்டையைக் கூழாக்கும்போது படலம் கழிவாகப் பிரிக்கப்பட வேண்டியிருப்பதால், பூச்சு மட்டும் உள்ள அட்டையைவிட அதன் மதிப்பு குறைவு. சிங்கப்பூரில் மறுசுழற்சிக்குப் போகாதது எரிக்கப்பட்டு, சாம்பல் 1999 முதல் செயல்படும் செமாக்காவ் நிரப்பு நிலத்துக்குப் போகிறது. அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. அதே வேளையில், எண்ணெய் ஊறிய பலகாரப் பெட்டியை நீல நிற மறுசுழற்சித் தொட்டியில் போடக் கூடாது என்பதால், உள்ளே எண்ணெய் ஒட்டாத தாளோ தட்டோ இல்லாத பெட்டிக்கு 'மறுசுழற்சிக்கு ஏற்றது' என்ற பெருமை வெறும் பேச்சாகிவிடும். வாட்டர்பேஸும் உட்தாளும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஆண்டு விற்றுமுதல் 10 மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தங்கள் பொட்டல வகைகளையும் எடையையும் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். சிறு கடைகளுக்கு இது பொருந்தாது. ஆனால் பேரங்காடிகளுக்குப் பொருள் கொடுக்கும் எண்ணம் இருப்பவர், தம் பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அலங்காரமும் தமிழ் எழுத்தும்

ஃபாயில் பற்றித் தமிழில் அச்சிடுபவர்களுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு; அச்சகத்தில் நான் அதிகம் வாதாடியது இதற்காகத்தான். சூடாக்கிய உலோக அச்சு, பாலியஸ்டர் நாடாவிலுள்ள மெல்லிய அலுமினியப் படிவை அட்டையின் மேல் அழுத்தி மாற்றுகிறது. நாடா அச்சகத்திலேயே தங்கிவிடும். அட்டைக்குப் போவது மிக மெல்லிய படிவு மட்டுமே என்பதால், அளவாகப் பயன்படுத்திய ஃபாயில் மறுசுழற்சியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மொத்த மேற்பரப்பும் உலோகப் பூச்சுப் படலத்தால் மூடிய அட்டை வேறு கதை. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

ஆங்கில எழுத்தில் மூடிய கண்கள், அதாவது கோடு சூழ்ந்த வெற்றிடங்கள், சில. தமிழில் அவை ஏராளம். ண, ணை, ழி, ஞ, னி ஆகியவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் வெற்றிடம் சிறிய அளவில் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இராது. சூட்டிலும் அழுத்தத்திலும் ஃபாயில் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாலம் போட்டுவிடும். சுழி அடைந்து தங்கப் பொட்டாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி இரண்டில் ஒன்றாகும்: விழாமல் போகும், அல்லது எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றிலும் கடினமானது 'ஸ்ரீ'. நம் கடைப் பெயர்களில் பாதி அதில்தான் தொடங்குகிறது. அக்காவின் கடைப் பெயரும் அப்படியே. பழைய பெட்டி ஒன்றை உருப்பெருக்கியின் கீழே வைத்துக் காட்டினேன். 'ஸ்ரீ' தங்கக் கட்டியாகத் திரண்டு கிடந்தது. "பத்து வருஷமா இப்படித்தான் போயிருக்கா?" என்று கேட்டவர் சற்று நேரம் பேசவில்லை.

எனவே நான் வைத்திருக்கும் வழக்கம் இது: கடைப் பெயரைத் தவிர வேறெதற்கும் தமிழில் ஃபாயில் வேண்டாம், கடைப் பெயரும் எழுத்தளவு பதினெட்டுப் பாயின்ட்டுக்குக் குறையாமல், சுழிகள் அகன்ற எழுத்துருவில் இருக்க வேண்டும், புள்ளியை எழுத்துருவில் வந்தபடியே விடாமல் வரைகலைஞரைக் கொண்டு சற்றுப் பெரிதாக்கி, சற்றுத் தூக்கி வைக்க வேண்டும். உட்பொருள் பட்டியலும் முகவரியும் மையில்தான் இருக்க வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் அச்சிடுவோருக்கு மக்னீசிய அச்சு போதும்; ஆண்டுதோறும் அதே பெட்டி என்றால் செம்பு அல்லது பித்தளை அச்சின் கூர்மை தமிழ் எழுத்துக்குத் தரும் பயன் அதன் விலைக்குத் தகும்.

ஸ்பாட் யூவி என்பது மேட் பரப்பின் மேல் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் பளபளப்பை ஏற்றுவது. கோலம், மாங்காய் வடிவம், விளக்குச் சுடர் போன்ற பரந்த உருவங்களுக்கு மிக அழகாக அமையும். எழுத்தின் மேல் அதே எழுத்தைப் பூச முற்பட்டால், தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழுந்தது போல ஆகிவிடும். குறைந்த எண்ணிக்கைக்கு டிஜிட்டல் முறையில் தகடே இல்லாமல் செய்யலாம். மேடு போன்ற தடித்த பூச்சும் அதில் கிடைக்கும். எம்பாஸ் எந்தப் பொருளையும் சேர்க்காமல் அட்டையையே மேடாக்குவது. நல்ல தடிமனான அட்டை வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று பொருள், மூன்று முடிவு

பலகாரப் பெட்டி கெடும் இடம் உட்புறம். எந்த மேற்பூச்சும் உள்ளிருந்து ஊறிவரும் எண்ணெயைத் தடுக்காது. படலம் ஒட்டினாலும் அதன் அடியில் கருங்கறையாக எண்ணெய் தெரியும். ஆகவே முதல் செலவு உள்ளே வைக்கும் எண்ணெய் ஒட்டாத தாளுக்கு. வெளியே நடுத்தரப் பளபளப்புள்ள வாட்டர்பேஸ். கடைப் பெயருக்கு மட்டும் தங்க ஃபாயில். அக்கா விரும்பிய கறுப்பை மட்டும் மாற்றச் சொன்னேன். படலம் இல்லாத முழுக் கறுப்பு மடிப்பில் வெடிப்பைக் காட்டும் என்பதால், மடிப்புக்கோடுகள் வரும் இடங்களில் வெளிர் நிறக் கோலக்கரை ஓடும்படி வடிவமைப்பை மாற்றினோம். வெடிப்பு வந்தாலும் வெள்ளைக் கோலத்துக்குள் அது தெரியாது. கறுப்பு அரக்காயிற்று, அவருடைய மகள் வரைந்த கோலம் பெட்டியின் நான்கு விளிம்பிலும் ஏறியது.

தலைமுடி எண்ணெய்ப் பெட்டி வேறு. உள்ளே கண்ணாடிக் குப்பி; உணவு இல்லை. பெட்டி குளியலறைத் தட்டில் மாதக்கணக்கில் இருக்கும். ஈரக் கையும் எண்ணெய்க் கையும் மாறி மாறிப் படும். இங்கே துடைத்தால் போகும் கிளாஸ் லேமினேஷனுக்கு வாட்டர்பேஸ் ஈடாகாது. சாஃப்ட் டச் மீண்டும் தவறு. கிளாஸ் பிடிக்காதவருக்குக் கீறல் தாங்கும் மேட் படலம், ஆனால் வெளிர் நிறத்தில். சிறிய பெட்டி என்பதால் வளைவுத் தொல்லையும் குறைவு.

குளிர்பெட்டியில் வைத்து விற்கும் பால் இனிப்புக்கு மேற்பூச்சைவிட அட்டைதான் முதன்மை. ஈரம் தாங்கும் வகை அட்டையைக் கேட்டு வாங்கி, அடிப்புறத்தில் வெட்டு விளிம்பு வெளியே தெரியாதபடி மடிப்பை அமைக்க வேண்டும். சாதாரண அட்டைக்கு விலையுயர்ந்த படலம் ஒட்டுவது இங்கே வீண்செலவு.

முடிவுக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அச்சகத்தில் அதே அட்டை, அதே மை, அதே பூச்சில் பத்து டம்மி (மாதிரிப் பெட்டி) கேளுங்கள். இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து ஐம்பது முறை தேய்த்துப் பாருங்கள். மடிப்பை முன்னும் பின்னும் ஐந்து முறை மடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டிய ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள்: அட்டையின் நார் கிழிந்து வந்தால் பசை பிடித்திருக்கிறது, நார் கிழியாமல் வழுவழுவென்று உரிந்தால் பிடிக்கவில்லை. மிஞ்சியவற்றில் உங்கள் பொருளையே நிரப்பி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் மேல்தளத்தில் பகல் முழுவதும் வெயிலில் நிற்கும் காரில் ஒன்றையும், கடையின் முகப்பில் ஒன்றையும், குளிர்பெட்டியில் ஒன்றையும் மூன்று நாள் வையுங்கள்.

அக்கா இதையெல்லாம் செய்தார். காரில் வைத்த பெட்டியில் முறுக்கின் எண்ணெய் உட்தாளின் ஓரத்தைத் தாண்டி மூலையில் ஊறியிருந்ததைக் கொண்டுவந்து காட்டினார். பூச்சில் மாற்றம் எதுவும் செய்யவில்லை, உட்தாளை நான்கு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டினோம். ஆர்டர் தாளில் அவர் தம் கையால் எழுதிக் கையெழுத்திட்ட வரிகள் இவை: அட்டை 350 கிராம், நார் திசை மூடியின் நீளவாக்கில், வாட்டர்பேஸ் நடுத்தரப் பளபளப்பு, மெழுகு குறைந்தது, ஒட்டும் ஓரமும் தேதிக் கட்டமும் பூச்சின்றி, ஃபாயில் கடைப் பெயருக்கு மட்டும், செம்பு அச்சு, 'ஸ்ரீ'யின் சுழி திறந்திருப்பதை முதல் தாளில் நான் நேரில் பார்த்த பிறகே மற்றவை ஓட வேண்டும்.